144 மூட்டைக்குப் பதில் 61: எண்ணூர்ப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

எண்ணூர், எர்ணாவூர், மணலி புதுநகர் பக்கம் மனை வைத்திருக்கிறீர்களா? "பைல் எல்லாம் எதுக்குங்க, சிமென்ட் கலந்து மண்ணையே கல்லாக்கித் தர்றோம்" என்று யாராவது வந்தால், இதைப் படித்துவிட்டுப் பேசுங்கள். (பைல் என்றால் கெட்டியான மண் வரைக்கும் இறக்குகிற கான்கிரீட் தூண்.) அந்த முறையே பித்தலாட்டம் என்று நான் சொல்லவில்லை. முறை நல்ல முறைதான். என்னிடம் வந்தவர் அதைச் செய்யவில்லை.

நான் கணக்கு டீச்சர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்காமல் மூன்றே முக்கால் லட்சத்தை எடுத்துக் கொடுத்தவள் நான்.

எங்கள் மனை அரை கிரவுண்டு. பக்கிங்காம் கால்வாய் கூப்பிடு தூரத்தில். வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை, அதனால் கட்டட வேலை முழுக்க என் தலையில். மண் பரிசோதனைக்கு போர் போட்டபோது மேலே ஒரு மீட்டர் ரப்பிஷ், அதற்குக் கீழே ஐந்தரை மீட்டர் வரை கறுப்புக் களி. உள்ளே சிப்பித் துண்டுகள், அழுகின முட்டை வாடை. காய்ந்த மண் 100 கிலோ என்றால் அதோடு 72 கிலோ தண்ணீர். ரிப்போர்ட்டில் 'N வேல்யூ' 2 என்று போட்டிருந்தார்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்பப் போட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி பிடிக்கிறது என்று எண்ணுவதுதான் அது. எங்கள் களிக்கு இரண்டே அடி. களிக்குக் கீழே நல்ல மணல்.

மணல் வரைக்கும் பைல் இறக்குங்கள், இல்லை களியைப் பலப்படுத்துங்கள் என்று ரிப்போர்ட் சொன்னது. பைலுக்கு ஆறு லட்சம் கேட்டார்கள். அப்போதுதான் சொந்தக்காரர் ஒருவர் மூலம் இந்த ஆள் வந்தார். "டீச்சர், ஜப்பான் டெக்னாலஜி" என்றார். அது பொய்யில்லை. களிக்குள் சிமென்ட் பாலை இறக்கி, துடுப்பு மாதிரி பிளேடுகளால் கலந்து, நிலத்துக்குள்ளேயே தூண்தூணாக இறுக வைக்கும் வேலையை 1970களிலேயே ஜப்பான்காரர்கள் துறைமுகங்களில் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

பேசியது இதுதான்: அரை மீட்டர் விட்டம், ஐந்து மீட்டர் ஆழம், மொத்தம் 36 தூண். ஒரு கன மீட்டர் களிக்கு 200 கிலோ சிமென்ட். கொட்டேஷன் தாளில் மட்டும் 'தேவையான அளவு சிமென்ட்' என்று எழுதியிருந்தது. 200 கிலோ என்பது அவர் வாட்ஸ்அப் ஆடியோவில் சொன்னது. அந்த ஆடியோவை அழிக்காமல் வைத்திருந்தேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

கூடவே ஒரு சாம்பிள் உருளையையும் கொடுத்தார். "உங்க மண்ணுதான் டீச்சர், லேப்ல போட்டது." தரையில் போட்டால் டங் என்று சத்தம். பிறகு உடைத்துப் பார்த்தபோது உள்ளே பாதிக்கு மேல் மணல். மணலைச் சிமென்ட் சுலபமாகக் கட்டிவிடும். களிக்குத்தான் நிறையச் சிமென்டும் நிறையக் கலக்கலும் வேண்டும். நிஜமாகவே எங்கள் களியில் செய்திருந்தாலும், கையால் பிசைந்து பத்திரமாக ஈரத்தில் வைத்த சாம்பிளின் பலம் ஐந்து மீட்டர் ஆழத்தில் வராது. பாதி கிடைத்தாலே நல்ல வேலை என்று பிற்பாடு ஓர் ஆய்வகப் பொறியாளர் சொன்னார்.

வேலை நான்கு நாளில் முடிந்தது. நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன், சாயங்காலம் வந்து தூண் தலைகளை எண்ணுவேன். 36 சரியாக இருந்தது. ஒரு சனிக்கிழமை மட்டும் நின்று பார்த்தேன். மெஷின் ஒருமுறை இறங்கி, ஒருமுறை ஏறி, பத்து நிமிடத்துக்குள் அடுத்த தூணுக்குப் போய்விட்டது. "இவ்வளவுதானா தம்பி?" என்று கேட்டேன். "ஹைஸ்பீடு மெஷின் டீச்சர்" என்றார். எனக்கு வேகம் பெருமையாக இருந்தது, போங்கள்.

ஒரு வாரத்தில் பேஸ்மென்ட் போடச் சொல்லிவிட்டார். இதுவும் தப்பு. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகுவது முதல் கட்டம்தான். அப்போது வெளிவரும் சுண்ணாம்பு, களியில் இருக்கும் சிலிக்காவோடும் அலுமினாவோடும் மெதுவாகச் சேர்ந்து மாதக்கணக்கில் பலம் ஏற்றும். குறைந்தது 28 நாள் பொறுத்து, தூணிலிருந்து கோர் (துளைபோட்டு எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்துச் சோதித்துவிட்டுத்தான் பாரம் ஏற்ற வேண்டும்.

எங்கள் பக்கம் வெள்ளத்துக்குப் பயந்து எல்லோரும் பேஸ்மென்டை உயர்த்துவோம். நாங்களும் மூன்று அடிக்கு கிராவல் கொட்டினோம். சதுர மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல். வீடு நிற்கும் 75 சதுர மீட்டருக்கு, சுவர் எழும்புவதற்கு முன்பே கிட்டத்தட்ட 120 டன். அந்தப் பாரத்தைத்தான் தூண்கள் தாங்கியிருக்க வேண்டும்.

சுவர் லிண்டல் மட்டம் (ஜன்னலின் மேல்விளிம்பு) வந்தபோது மேஸ்திரி டியூப் லெவல் பிடித்துப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "டீச்சரம்மா, பின்மூலை ஆறு சென்டி இறங்கியிருக்கு." வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் அந்த மூலையிலிருந்து ஜன்னல் வரை படிக்கட்டு மாதிரி விரிசல்.

தூண் போட்டவரைக் கூப்பிட்டால், "உப்பு மண்ணு டீச்சர், சிமென்ட் பிடிக்கல, நான் என்ன பண்றது?" என்றார். நான் நம்பியிருப்பேன். அந்த ஆய்வகப் பொறியாளர்தான் சிரித்தார். "கடலடிக் களியிலேயே இந்த வேலை நடக்குதும்மா. சோற்று உப்பு சிமென்டைத் தடுக்காது. மக்கின இலைதழையும் சல்பேட்டும்தான் தொந்தரவு. அது இருக்கான்னு முதல்லயே மண்ணைச் சோதிச்சிருக்கணும்." சோதித்துப் பார்த்தோம். எங்கள் களியில் இரண்டுமே குறைவு.

பின்மூலையில் தோண்டினோம். தூண் என்று பெயர்தான். கறுப்புக் களியில் விபூதிப் பட்டை போட்ட மாதிரி அங்கங்கே சாம்பல் கோடுகள். ஓரிடத்தில் தேங்காய் அளவுக்குச் சுத்தச் சிமென்ட் கட்டி, அதை ஒட்டியே கட்டைவிரல் இறங்குகிற களி. பலம் சதுர செ.மீ.க்கு 8 கிலோ என்பது பேச்சு. கோர் எடுத்த மூன்று தூண்களில் ஒன்று வெளியே எடுக்கும்போதே உதிர்ந்துவிட்டது. மற்ற இரண்டும் 1.2, 1.9. கலக்காத களிக்கே கால் கிலோ வரும்.

மூட்டைக் கணக்குக்கு வருகிறேன். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் கட்டட இடங்களில் காலிச் சாக்குகளை வாங்கி விற்பவர். எங்கள் வேலை நடந்தபோதும் தினம் வந்தார். சாக்குக்கு இவ்வளவு என்று அந்த ஆளின் மேஸ்திரியிடம் காசு கொடுத்ததால் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்திருந்தார். நான்கு நாளும் சேர்த்து 61.

இப்போது அந்த எட்டாம் வகுப்புக் கணக்கு. 3.14 × 0.25 × 0.25 × 5. ஒரு தூண் 0.98 கன மீட்டர், ஒன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். 200 கிலோ என்றால் நாலு மூட்டை. 36 தூணுக்கு 144. வந்தது 61, அதாவது பாதிகூட இல்லை. மீதி 83 மூட்டை, மூட்டை 400 ரூபாய் என்றாலும் 33,200. இந்த முப்பத்து மூவாயிரத்துக்காக ஒரு மனுஷன் ஒரு வீட்டையே சாய்ப்பானா என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. சிமென்டைவிட மெஷின் வாடகையில்தான் அவர் அதிகம் மிச்சம் பிடித்திருப்பார் என்கிறார் பொறியாளர். இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிக் கலந்திருந்தால் நான்கு நாள் வேலை எட்டு, ஒன்பது நாள் ஆகியிருக்கும்.

நீங்கள் இந்த வேலையைச் செய்வதாக இருந்தால், கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதைக் கொட்டேஷனில் எண்ணாக எழுதி வாங்குங்கள். சாம்பிளை உங்கள் போரில் எடுத்த களியில், நீங்கள் தேர்ந்த ஆய்வகத்தில் போடுங்கள். காலிச் சாக்கு ஒன்றுகூட நீங்கள் எண்ணாமல் வெளியே போகக் கூடாது. கோர் ரிசல்ட் வரும்வரை முக்கால்வாசிப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். எந்தத் தூணில் கோர் எடுப்பது என்பதை நீங்கள் சொல்லுங்கள், அவர் சொல்ல விடாதீர்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப் ஆடியோ, கோர் ரிப்போர்ட், அந்த அக்காவின் நோட்டு மூன்றையும் சேர்த்திருக்கிறேன். அக்கா சாட்சி சொல்லவும் வருகிறேன் என்றிருக்கிறார்.

சுவரை இறக்கிவிட்டு இப்போது பைல் போடுகிறோம். உப்பு மண் என்பதால் ஸ்லாக் சிமென்ட் (இரும்பாலைக் கசடு கலந்தது). பள்ளிக்கு அரைச் சம்பளத்தில் லீவு போட்டுவிட்டு நானே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு பைலுக்கும் மணல் வெளியே வந்ததைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் கான்கிரீட். நேற்றோடு ஒன்பது முடிந்தது.