மிசூரி வான்கோழி வேட்டை: கைடுக்கு முன்பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

சிகாகோ பக்கம் இருக்கும் நம்மவர்களில் வசந்தகால வான்கோழி வேட்டைக்கு மிசூரி போகலாம் என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். எச்1பி வேலை விசாவில் இருப்பவர்களும், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களும் கொஞ்சம் கூடுதல் கவனமாகப் படியுங்கள். எங்களுக்குப் போன பணத்தைவிட, வர இருந்த வழக்கு பெரியது.

நன்றித் திருநாளுக்கு மூலைக்கு மூலை உறைய வைத்துக் கிடைக்கிற பறவைக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: காட்டு வான்கோழி அந்தப் பண்ணைப் பறவை இல்லை. பறக்கும், மரத்தில் அடையும், நீங்கள் கண் சிமிட்டுவதைக்கூடப் பார்த்துவிடும். மிசூரியை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. இல்லினாயில் அனுமதிச் சீட்டு முதலில் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) வாரியாகக் குலுக்கலில் போகும். மிசூரியில் வெளிமாநிலத்தவரும் நேராக வாங்கிக்கொள்ளலாம். பறவைக்கும் அங்கே இப்போது பஞ்சமில்லை, ஒரு காலத்தில் இருந்தது. 1937-இல் அழியும் நிலைக்கு வந்து வேட்டையே மூடப்பட்டது. பிறகு தெற்கே பெக் ராஞ்ச் காட்டில் பிழைத்திருந்த கூட்டத்திலிருந்து பிடித்து மாநிலம் முழுக்க விட்டுப் பெருக்கி, 1960-இல் மறுபடி திறந்தார்கள்.

நாங்கள் நான்கு பேர். எங்களில் ஒருவர் சமூக வலைத்தளத்தில் பார்த்த விளம்பரம் வழியாகத்தான், காசு வாங்கிக்கொண்டு வேட்டைக்குக் கூட்டிப்போகும் அந்தக் கைடு கிடைத்தார். பெயர் இங்கே எழுத மாட்டேன், புகார் நடந்துகொண்டிருக்கிறது. "1,500 ஏக்கர் தனியார் நிலம், தினமும் ஸ்கவுட் செய்கிறேன், நூறு சதவீதம் பறவை உறுதி" என்றார். ஆளுக்கு 1,200 டாலர். பாதியை ஸெல்லில் (வங்கிக்கு வங்கி உடனே பணம் அனுப்பும் செயலி) முன்பணமாக அனுப்பச் சொன்னார், மீதி அங்கே வந்த பிறகு.

படங்களும் அனுப்பினார். அந்தப் படங்களைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று அங்கேயே தெரிகிறது.

ஒரு படத்தில் பெரிய சேவல் ஒன்று வாலை விரித்து நிற்கிறது. வாலின் நுனிப்பட்டை ஏறத்தாழ வெள்ளை. மிசூரியில் இருப்பது கிழக்கத்தி வான்கோழி. அதன் வால் நுனி செம்பழுப்பு, காய்ந்த புளியம்பழ ஓட்டின் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை நுனி என்றால் அது மேரியம்ஸ் என்ற மேற்கத்தி மலைப்பகுதி வகை. கொலராடோவிலோ தெற்கு டகோடாவிலோ எடுத்த படத்தை தெற்கு மிசூரியின் ஓசார்க் காடு என்று அனுப்பியிருக்கிறார். இன்னொரு படம் ட்ரெய்ல் கேமராவில், அதாவது காட்டில் கட்டிவைக்கும் தானியங்கிக் கேமராவில் எடுத்தது. இருபது, முப்பது பறவைகள் ஒரே இடத்தில். பார்த்ததும் நண்பர்களுக்கு வாயெல்லாம் பல். ஆனால் மரங்களில் இலை இல்லை, தரையில் உறைபனி, தேதி வரும் கீழ்ப்பட்டை வெட்டப்பட்டிருந்தது. குளிர்காலத்தில் வான்கோழிகள் பெருங்கூட்டமாகச் சேர்ந்து இருக்கும். மார்ச்சில் கூட்டம் உடையும், சேவல்களும் பெட்டைகளும் மைல் கணக்கில் பிரிந்து போகும். ஜனவரியில் நின்ற இடத்தை வைத்து ஏப்ரலில் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. மூன்றாவது படத்தில் இருந்த 'பெரிய சேவல்'களின் விரிந்த வாலில் நடு இறகுகள் மட்டும் நீண்டு துருத்திக்கொண்டிருந்தன. அது ஒரு வயது இளஞ்சேவலின் அடையாளம். முதிர்ந்த சேவலின் வால் விசிறி ஒரே சீராக இருக்கும்.

இதையெல்லாம் நான் குழுவில் சொன்னேன். "விளம்பரப் படம்தானே அண்ணா, எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க" என்று தம்பி ஒருவர் முடித்துவிட்டார். மூன்றுக்கு ஒன்று. பணம் போனது.

உண்மையில் ஸ்கவுட் செய்வது என்றால் என்ன என்று தெரிந்தால்தான், இவர் எதற்குக் காசு வாங்கினார் என்பது புரியும். விடியலுக்கு முன்னால் மேட்டில் போய் நின்று காது கொடுக்க வேண்டும். சேவல் அடைந்த மரத்திலிருந்தே கத்தும். ஆந்தை மாதிரி குரல் கொடுத்தால் அதிர்ந்து பதில் கத்தும். அதை வைத்து எந்த மரம் என்று பிடிக்கலாம். பகலில் தரையைப் படிக்க வேண்டும். சருகு கிளறியிருக்கும், கிளறிய திசை, பறவை எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று காட்டும். எச்சம் கொக்கி மாதிரி நீண்டு வளைந்திருந்தால் சேவல், சுருண்டு குவிந்திருந்தால் பெட்டை. நெஞ்சு இறகு கிடைத்தால், நுனி கருப்பு சேவல், நுனி வெளிர்பழுப்பு பெட்டை. மண் பாதையில் காலடித் தடத்துக்கு இரண்டு பக்கமும் மெல்லிய கோடுகள் ஓடினால், அங்கே சேவல் இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு ஆடியிருக்கிறது. மண் குளிக்கும் குழிகள், தண்ணீர், திறந்த புல்வெளி, எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்து, எங்கே அடைகிறது, இறங்கி எங்கே போகிறது என்று ஒரு பாதை தேற வேண்டும். இதற்குத்தான் கைடுக்குக் கூலி. வாரக்கணக்கான விடியற்காலை வேலை.

இவரிடம் முதல் நாள் இரவே கேட்டேன்: "எந்த மரத்தில் அடைகிறது?" "அங்கே எல்லா மரத்திலும்தான்" என்றார்.

மறுநாள் இருட்டில் வண்டியில் கூட்டிப் போய் இறக்கிய இடம் 'தனியார் நிலம்'. வழியில் முட்டுச்சந்து அருகே ஒரு பழுப்புப் பலகை, மார்க் ட்வெய்ன் தேசிய வனம். கைப்பேசி வரைபடச் செயலியில் எல்லைக்கோடு பார்த்தால் நாங்கள் நிற்பது முழுக்கக் கூட்டாட்சி அரசின் காடு. தெற்கு மிசூரியில் சுமார் 15 லட்சம் ஏக்கர் விரிந்து கிடக்கிற பொது நிலம். அனுமதிச் சீட்டு உள்ள யாரும் கைடு இல்லாமல், காசு கொடுக்காமல் போகலாம். கேட்டேன். "பக்கத்து நிலம் என் குத்தகை. பறவைக்கு எல்லைக்கோடு தெரியுமா?" என்று சிரித்தார். பறவைக்குத் தெரிய வேண்டாம். தேசிய வனத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆள் கூட்டிப் போக வனத்துறையின் சிறப்புப் பயன்பாட்டு அனுமதி வேண்டும் என்பது இவருக்குத் தெரியும். காட்டச் சொன்னபோது பேச்சை மாற்றினார்.

எங்களுக்கு முன்பே அங்கே வேறு இரண்டு வண்டிகள் நின்றன. பொது நிலம், வேறு வேட்டைக்காரர்கள் காட்டுக்குள் இருக்கிறார்கள். அப்படியிருக்க, எங்களில் ஒருவர் சிவப்புத் தொப்பி போட்டிருந்ததைப் பார்த்தும் இவர் ஒன்றும் சொல்லவில்லை. சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். அந்த மூன்று நிறத்தில் எதையும் உடம்பில் வைத்துக்கொண்டு புதருக்குள் உட்காரக் கூடாது என்பது இந்த வேட்டையின் பாலபாடம். நான்தான் கழற்றி வண்டியில் போடச் சொன்னேன். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும் என்பதையும் நான்தான் சொன்னேன். கைடு சட்டைப்பையிலிருந்து சின்ன ஸ்பீக்கரை எடுத்துப் பெட்டைக் குரலைப் போட்டார். மிசூரியில் வான்கோழிக்கு மின்னணுக் குரல் தடை. பெட்டிக் குரலோ, பலகைக் குரலோ, வாயில் வைக்கும் சவ்வோ வைத்துக் குரல் கொடுக்கத் தெரியாத கைடு! அணைக்கச் சொன்னதும் முகம் கடுத்தது. அன்று தூரத்தில் ஒரு கத்தல்கூடக் கேட்கவில்லை.

உண்ணியைப் பற்றியும் மூச்சு விடவில்லை. ஓசார்க்கில் லோன் ஸ்டார் உண்ணி ஏராளம். அது கடித்து ஆல்ஃபா-கால் ஒவ்வாமை வந்தால் மட்டன், பீஃப், பன்றி எதையும் தொட முடியாமல் போகலாம். பெர்மெத்ரின் என்ற உண்ணி மருந்து அடித்த உடுப்பு இல்லாமல் அங்கே புல்லில் உட்காராதீர்கள்.

அடுத்த விடியலில், "இன்றைக்குச் சத்தியமாகப் பறவை" என்று வேறு இடம். இது நிஜமாகவே தனியார் நிலம், யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை. மறைவுக் கூடாரத்தில் உட்கார வைத்தார். வெளிச்சம் வந்ததும் இருபது கஜத்தில் புல்லுக்குள் மஞ்சளாக ஏதோ. மக்காச்சோளம். அள்ளி இறைத்த மாதிரி பரவிக் கிடந்தது. பக்கத்தில் மண்ணில் மூன்று குழிகள் முக்கோணமாக. தீனி வீசும் பீப்பாயின் கால்கள் நின்ற தடம்.

சற்று நேரத்தில் இளஞ்சேவல்கள் வந்து பொறுக்க ஆரம்பித்தன. தம்பி ஷாட்கன்னைத் தூக்கிவிட்டார். "அண்ணா, முன்னாடியே நிக்குது!"

"சுடாதே. இறக்கு."

மிசூரியில் தீனி போட்ட இடத்தில் வான்கோழி வேட்டை சட்டவிரோதம். தீனியை முழுக்க அகற்றிய பிறகும் 10 நாளுக்கு அது தீனி போட்ட இடமாகவே கணக்கு. யார் போட்டது என்பது உங்களைக் காப்பாற்றாது. துப்பாக்கியோடு அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் முதல் அபராதச் சீட்டு. அடுத்தவரை விதிமீறலில் மாட்டிவிடும்படி தீனி போடுவதும் தனிக் குற்றம் என்பதால் கைடும் தப்ப மாட்டார், ஆனால் அது உங்களுக்கு என்ன ஆறுதல்?

"டிசம்பரில் மானுக்குப் போட்டது, மிச்சம்" என்றார் கைடு. டிசம்பரில் போட்ட சோளம் ஏப்ரல் வரை மழையில் கிடந்தால் பூசணம் பிடித்திருக்கும், இல்லை முளைத்திருக்கும். மானும் அணிலும் ரக்கூனும் விட்டு வைக்கவும் மாட்டா. கையில் எடுத்துப் பார்த்தேன், மணி பளபளவென்று காய்ந்து இருந்தது. படம் எடுத்தேன், இடத்தின் ஆயத்தொலைவைக் குறித்துக்கொண்டேன், நால்வரும் எழுந்து வண்டிக்கு நடந்தோம்.

இதைவிட மோசமான ஒன்று புறப்படும் முன்பே நடந்தது. எங்களில் எச்1பி-யில் இருப்பவரிடம் கைடு தனியாக, "உனக்கு லைசென்ஸ் வாங்கிச் செலவு செய்யாதே. நீ சுடு, என் சீட்டில் பதிந்துவிடலாம்" என்று சொல்லியிருக்கிறார். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அதற்கு உள்ள விதிவிலக்குகளில் நம் போன்றவர்களுக்குப் பொருந்துவது, அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். அது இல்லாமல் இவர் இரவல் கொடுக்கும் துப்பாக்கியைத் தொட்டாலே வேட்டை விதி தாண்டி வேறு கணக்கு. நல்லவேளை, நண்பர் வேட்டைக் கல்விச் சான்றிதழும் அனுமதிச் சீட்டும் ஏற்கெனவே வாங்கியிருந்தார். (1967 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு மிசூரியில் அந்தச் சான்றிதழ் கேட்பார்கள். ஆன்லைனில் முடித்துவிடலாம்.)

அந்த இளஞ்சேவலைச் சுட்டு ஐஸ் பெட்டியில் வைத்து இல்லினாய்க்குக் கொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சட்டவிரோதமாகப் பிடித்த விலங்கை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோனால் லேசி சட்டம் வரும். விஷயம் கூட்டாட்சி மட்டத்துக்குப் போய்விடும். ஒரு மாநிலத்தில் வேட்டை உரிமை பறிபோனால், மாநிலங்களுக்கு இடையிலான வனவிலங்கு மீறல் ஒப்பந்தத்தால் மற்ற மாநிலங்களிலும் பறிபோகலாம். குடியுரிமை விண்ணப்பமான என்-400, கைதை மட்டும் கேட்பதில்லை. எங்காவது 'சைட்டேஷன்' (அதிகாரி எழுதித் தரும் குற்றச் சீட்டு) வாங்கியதுண்டா என்றும் கேட்கிறது.

பண விஷயம். ஸெல்லில் போன பாதி, கையில் கொடுத்த காசு மாதிரிதான். வங்கி திருப்பித் தர மறுத்துவிட்டது. மீதியை நான் பிடிவாதமாகக் கிரெடிட் கார்டில் கட்டினேன். சொன்ன சேவை தரப்படவில்லை என்று கார்டு நிறுவனத்தில் முறையிட்டோம். 'தனியார் நிலம்' என்ற அவரது செய்தி, தேசிய வனத்துக்குள் எங்கள் இடத்தைக் காட்டும் திரைப்பிடிப்பு, சோளத்தின் படம், மூன்றும் போதுமானதாக இருந்தன. அந்தப் பாதி வந்துவிட்டது.

இனி கைடு பிடிப்பவர்கள், முன்பணத்துக்கு முன் நிலத்துக்காரரின் எழுத்துபூர்வ அனுமதியைக் கேளுங்கள். கவுண்டி சொத்துப் பதிவில் அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். தேசிய வனம் என்றால் வனத்துறை அனுமதியின் நகல். இந்த மார்ச்சில் எடுத்த, தேதி தெரியும் படம். எந்த மரத்தில் அடைகிறது, எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கேட்டால், வேலை செய்த ஆள் நிறுத்த முடியாமல் பேசுவார். "நூறு சதவீதம்" என்று சொல்பவரிடம், வேலிக்குள் வளர்த்ததா, தீனி போட்டதா என்று நேராகவே கேட்கலாம்.

சோளம் கிடந்த இடத்தை மாநில வனவள அதிகாரிக்கு, 'ஆபரேஷன் கேம் தீஃப்' தொலைபேசி வழியாக அன்றே சொன்னோம். பெயர் சொல்லாமலும் சொல்லலாம். நுகர்வோர் புகார் மிசூரி அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் இருக்கிறது. இந்தப் பருவத்துக்கு யாருக்காவது தெற்கு மிசூரியிலிருந்து இப்படிப்பட்ட விளம்பரம் வந்திருந்தால், பணம் அனுப்பும் முன் எனக்குத் தனியாக எழுதுங்கள். அதே ஆளா என்று பார்த்துச் சொல்கிறேன்.