கடலூரில் மகளுக்கு ஒன்றாம் வகுப்பு தேடிய 16 நாட்கள்

மஸ்கட்டிலிருந்து பிப்ரவரியில் 16 நாள் லீவில் கடலூர் வந்தேன். வந்த வேலை ஒன்றுதான். ஜூனில் மகள் ஒன்றாம் வகுப்பு சேர வேண்டும். இனி அவளும் நானும் திருப்பாப்புலியூரில் அம்மாவோடு இருக்கப் போகிறோம், என் கணவர் மட்டும் இன்னும் இரண்டு வருடம் அங்கே. பள்ளிக்கூடம் நடக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்றுதான் கோடை விடுமுறை வரை காத்திருக்கவில்லை. மே மாதம் வந்தால் கட்டடத்தையும் வாசலில் கட்டிய பேனரையும்தான் பார்க்க முடியும். பிள்ளைகளைப் பார்க்க முடியாது.

அண்ணன் பாண்டிச்சேரியில் சேர்க்கச் சொன்னார். அங்கே 2024-25 முதல் அரசுப் பள்ளிகள் எல்லாமே சிபிஎஸ்இ ஆகிவிட்டன, செலவும் இல்லை என்பது அவர் கணக்கு. ஆனால் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், அரியாங்குப்பம் என்று நின்று நின்று பஸ் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகிறது. ஐந்தரை வயசுப் பிள்ளைக்கு அது சரிப்படாது.

வீட்டைச் சுற்றி ஆறு பள்ளிகளைக் குறித்துக்கொண்டேன். மூன்று தனியார், இரண்டு மாநகராட்சி, ஒன்று அரசு உதவி பெறுவது. நேரில் போவதற்கு முந்தின இரவு, பள்ளி விவரங்கள் உள்ள அரசின் யூடைஸ் தளத்தில் ஒவ்வொன்றையும் தேடினேன். நாட்டில் எல்லாப் பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு, தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33-ல் தொடங்கும். எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், கழிப்பறை எத்தனை என்று பள்ளியே கொடுத்த விவரம் அதில் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் டிக்கெட் போடும் முன்பே இதைப் பார்த்துவிடலாம்.

முதலில் போன தனியார் பள்ளியில் மகளை மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். பத்து நிமிஷம் கழித்து முகம் வாடி வெளியே வந்தாள். "கொஞ்சம் ஸ்லோவா இருக்கா மேடம், யூகேஜியில போட்டுடலாம்" என்றார்கள். சேர்க்கைக்கு முன் பிள்ளையைச் சோதித்துத் தரம் பிரிக்கவே கூடாது என்கிறது 2009-ன் கல்வி உரிமைச் சட்டம். முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரை, அதற்கப்புறம் ஒவ்வொரு முறைக்கும் 50,000 வரை அபராதம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதை அங்கேயே சொன்னேன். "எல்லா ஸ்கூல்லயும் இதுதான் மேடம்" என்று பதில் வந்தது. மற்ற ஐந்து பள்ளிகளிலும் யாரும் அப்படிச் செய்யவில்லை.

இரண்டாவது தனியார் பள்ளியில் கட்டணத்தை ஒரு துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார்கள் என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றும் இல்லை. தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009-லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டுக் குழு அமைத்திருக்கிறார்கள். "கமிட்டி போட்ட கட்டணம் எவ்வளவு, ரசீது முழுத் தொகைக்கும் வருமா?" என்று கேட்டேன். அக்கவுண்டன்ட் சார் லீவு என்றார்கள்.

மூன்றாவதுதான் மனசை அலைக்கழித்தது. அங்கே பிள்ளைகள் உண்மையிலேயே நன்றாகப் படிக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி புதுக் கதை ஒன்றை ஏற்ற இறக்கத்தோடு வாசித்து, என்ன நடந்தது என்று தமிழிலும் சொன்னாள். சேர்த்துவிடலாம் என்றே நினைத்தேன். அப்புறம் ஒன்றாம் வகுப்பைக் காட்ட மூன்றாவது மாடிக்குக் கூட்டிப் போனார்கள். ஒரே படிக்கட்டு, இரண்டு பிள்ளைகள் தோள் உரசிக்கொண்டுதான் ஏற முடியும். அதன் அடியில் மடக்குக் கேட், கேட்டில் பூட்டு. இறங்க வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன். "பிள்ளைங்க வெளியே ஓடிடக் கூடாதுன்னுதான் பூட்டுறோம் மேடம்" என்றார் கூட வந்தவர்.

2004 ஜூலை 16 அன்று நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கொட்டகையில் பிடித்த தீ ஓலைக் கூரைக்குத் தாவி, மாடியில் இருந்த பிள்ளைகள் குறுகின படிக்கட்டு வழியாக இறங்க முடியாமல் 94 பேர் இறந்துபோனார்கள். மறுநாள் பிரேயரில் எங்கள் டீச்சரால் பேசவே முடியவில்லை. பள்ளிகளில் அதன் பிறகு ஓலைக் கூரையை எடுத்தார்கள். படிக்கட்டும் பூட்டும் இருக்கின்றனவே! மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியில் இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். வாசிப்பு நன்றாக இருந்தும் வேண்டாம் என்று சொல்ல வேண்டி வந்ததில் இன்னும் வருத்தம்தான்.

வீட்டுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் மாநகராட்சித் தொடக்கப் பள்ளிக்கு ஒரு புதன்கிழமை எட்டரை மணிக்கே போனேன். 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு உண்டு. அன்றைக்குப் பொங்கலும் சாம்பாரும். பரிமாறிய அக்கா எனக்கும் ஒரு கரண்டி வைத்தார், சூடாக, மிளகு மணத்தோடு இருந்தது. ஆனால் அது ஈராசிரியர் பள்ளி. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு, வகுப்பு ஐந்தாக இருந்தாலும் அவ்வளவுதான். அன்று ஒரு டீச்சர் வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போயிருந்தார். மீதி இருந்த ஒருவர் நான்காம் வகுப்புக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு ஒன்றாம் வகுப்புக்கு ஓடி வந்தார், உட்காரவே இல்லை. அவரைக் குறை சொல்ல மனசு வராது. அதே நேரம், இப்போதுதான் எழுதப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு அங்கே யார் நேரம் கொடுப்பார்கள்?

உதவி பெறும் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் இடமில்லை. கடைசியாகப் பார்த்தது மாநகராட்சி நடுநிலைப் பள்ளி. எட்டாவது வரை இருப்பதால் பிள்ளைகளும் அதிகம், ஆசிரியர்களும் அதிகம். ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புக்கு ஒரு டீச்சர் இருக்கிறார். ஒன்றாம் வகுப்பில், சின்ன வகுப்புகளுக்கு எழுதப் படிக்கவும் கணக்கும் சொல்லித்தரும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளை நிலை பார்த்துப் பிரித்துப் பாயில் உட்காரவைத்திருந்தார்கள். ஒரு பையன் 'பழம்' அட்டையை எடுத்து 'பளம்' என்றான். டீச்சர் திருத்தவில்லை. 'பள்ளம்' அட்டையைப் பக்கத்தில் வைத்து, "ரெண்டையும் சொல்லு, நாக்கு எங்க போகுதுன்னு பாரு" என்றார். அவன் வாய்க்குள் விரலை விட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே திரும்பத் திரும்பச் சொன்னான். நாலாவது முறை 'ழ' வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்களும் விரலை வாயில் விட்டார்கள், என் மகளும்தான்.

குறை இல்லாமல் இல்லை. சின்னப் பிள்ளைகளின் கழிப்பறையில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீரை வாளியில் எடுத்துப் போக வேண்டும். தலைமையாசிரியரிடம் சொன்னேன். "ஜூன்ல வந்து பள்ளி மேலாண்மைக் குழுவுல சேருங்கம்மா, கூட்டத்துல இதையே பேசுங்க" என்றார். அந்தக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது விதி, கட்டாயம் சேருவேன். வகுப்பறை தரைத்தளத்தில் இருப்பதால் வெள்ளம் வருமா என்றும் கேட்டேன். ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் 2024 டிசம்பரில் தென்பெண்ணை கரை மீறியதை மஸ்கட்டில் போனில் பார்த்துப் பதறியவள் நான். இந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று வாட்ச்மேனும் எதிர்வீட்டுப் பாட்டியும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

ஆதாருக்கு மட்டும் ஒரு அரை நாள் போனது. மகள் மஸ்கட்டில் பிறந்தவள், ஆதார் எடுக்கவே இல்லை. இந்திய பாஸ்போர்ட் இருந்தால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் 182 நாள் காத்திருக்க வேண்டியதில்லை, வந்த உடனே பதியலாம். பிள்ளையின் பாஸ்போர்ட்டைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். தபால் நிலைய மையத்தில் பத்து விரலையும் பதிந்தார்கள், ஐந்து வயது முடிந்த பிள்ளைக்கு அதுவும் உண்டு.

சேர்க்கை தொடங்கியதும் அந்த நடுநிலைப் பள்ளியில் அம்மா போய்ப் பெயர் கொடுத்துவிடுவார். கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாவையும் மகளையும் பள்ளி வரை நடக்கவிட்டுப் பின்னாலேயே போனேன். அம்மாவின் முழங்கால் வலியோடு 11 நிமிஷம். ஒரே ஒரு இடத்தில் பெரிய ரோட்டைக் கடக்க வேண்டும். அங்கே காலையில் போலீஸ்காரர் நிற்கிறாரா என்று இரண்டு நாள் பார்த்தேன். ஒரு நாள் நின்றார், ஒரு நாள் இல்லை. முனையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் அண்ணா, "நான் கை காட்டி நிறுத்தி அனுப்புறேம்மா, நீங்க கவலப்படாம போங்க" என்றார். அம்மா அவரிடம் ஒரு வெற்றிலைக் கட்டு வாங்கிக்கொண்டார்.