வெப்மெயில் திறக்கவில்லையா? நான்கு வழிகளில் எது உதவும்?

ஜிமெயிலையோ அலுவலக வெப்மெயிலையோ திறக்கும்போது 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரௌசர் வழிமறித்தால், ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எச்சரிக்கையைத் தாண்டிப் போ, குக்கீயை (தளம் பிரௌசரில் சேமித்துவைக்கும் சிறு பதிவு) அழி, வேறு பிரௌசரில் பார், நெட்வொர்க்கை மாற்று. நான்கையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

முதலாவதை அடியோடு எதிர்க்கிறேன். எதிர்முனையில் இருப்பது யாரென்று உறுதியாகாத பக்கத்தில் கடவுச்சொல்லை இடவே கூடாது. பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே தளத்தைத் திறக்க வேண்டும் என்னும் எச்எஸ்டிஎஸ் விதியின் காரணமாக, ஜிமெயிலில், தாண்டிச் செல்லும் பொத்தானையே பிரௌசர் காட்டாது. சொந்த டொமைனில் இயங்கும் வெப்மெயிலில் அது தென்படலாம். அங்கே, தளம் அசல்தான் என்று பிரௌசருக்குக் காட்டும் சான்றிதழ் காலாவதியாகியிருந்தால், சர்வரைப் பார்த்துக்கொள்பவர்தான் புதுப்பிக்க வேண்டும்.

குக்கீயை அழிப்பதால் சான்றிதழ் பிழை தீராது. பக்கம் முகவரி மாறி மாறித் தாவி நின்றுபோனால் மட்டும் பலிக்கும். அப்போதும் அந்தத் தளத்தின் குக்கீ போதும்.

வேறு பிரௌசரில் திறந்து பார்ப்பது நல்ல சோதனை. ஃபயர்ஃபாக்ஸ், தளங்களின் சான்றிதழ்களுக்கு அடிப்படையான நம்பகமான மூலச் சான்றிதழ்களின் பட்டியலைத் தன்னுடனே கொண்டுவருகிறது. தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, அப்போது இயங்குதளத்தின் பட்டியலை நம்பியிருந்த குரோம் பல பழைய கணினிகளில் தடுமாறியது. ஃபயர்ஃபாக்ஸ் தளங்களைத் திறந்தது. பின்னர் குரோமும் சொந்தப் பட்டியலுக்கு மாறிவிட்டது.

இரண்டு பிரௌசரிலும் பிழை வந்தால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வந்ததும் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். அந்தக் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வராத ஒன்று. தேதியை மட்டும் திருத்திவிட்டு பேட்டரியை மாற்றாவிட்டால், அடுத்த மின்வெட்டில் அதே பிழை வந்து நிற்கும்.

தேதி சரியாக இருந்தால் நெட்வொர்க்கை மாற்றுங்கள். செல்பேசி ஹாட்ஸ்பாட்டில் மெயில் திறந்தால் கோளாறு வைஃபையில்தான்; விடுதி வைஃபை என்றால் அதன் உள்நுழைவுப் பக்கம் காத்திருக்கக்கூடும். ஹாட்ஸ்பாட்டிலும் திறக்காவிட்டால் சான்றிதழை விரித்து, வழங்கியவர் பெயரைப் படியுங்கள். ஜிமெயிலுக்கு 'கூகுள் டிரஸ்ட் சர்வீசஸ்' என்று இருக்க வேண்டும். உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால், பாதுகாப்பான இணைப்புகளுக்குள் புகுந்து பார்க்கும் அதன் எச்டிடிபிஎஸ் சோதனையை நிறுத்திவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். அறிமுகமே இல்லாத பெயர் என்றால் அந்தக் கணினியில் மெயிலைத் திறக்காதீர்கள்.