பம்ப்பை மாற்றியும் போகாத சத்தம்: பழைய பெட்ரோல் காரோடு மூன்று வருடம்

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது நான் இல்லை, பின் சீட்டில் இருந்த அக்கா. "தம்பி, எனக்குக் கீழ வண்டு குடையிற மாதிரி சத்தம் வருதுடா, ஓரமா நிறுத்திப் பாரு" என்றாள். நிறுத்தி இன்ஜினை அணைத்தேன், சத்தமும் நின்றது. பிறகு ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பினேன். இரண்டு மூன்று வினாடி 'ங்ஙீ' என்று கத்திவிட்டு அடங்கியது. டேங்கிற்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது, இன்ஜின் ஓடாதபோதும் சாவி திரும்பியவுடன் ஓடி லைனில் அழுத்தம் ஏற்றிவிட்டு நிற்பது அது ஒன்றுதான்.

வண்டிக்கு இப்போது 17 வயது. இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் உள்ள பெட்ரோல் கார், செலவாகாத பெட்ரோல் திரும்ப டேங்கிற்கே வந்து சேரும் பழைய அமைப்பு. மெக்கானிக் சத்தத்தைக் கேட்டவுடனே "பம்ப் போச்சு சார், மாத்திடலாம்" என்றார். மாற்றினோம். எட்டு மாதம் நிம்மதியாக ஓட்டினேன். அப்புறம் அதே இடத்தில் அதே சத்தம், இந்த முறை புதுப் பம்ப்பிலிருந்து. அதன் பிறகு மூன்று வருடம், சுமார் 38,000 கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டது. இதில் நான் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்வதானால், பம்ப் கத்தினால் அதற்கு ஏதோ கிடைக்காமல் கத்துகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

இரண்டாம் முறை டேங்கைத் திறந்தபோது நானே கூட நின்றேன். பின் சீட்டைத் தூக்கினால் ஒரு மூடி, அதற்குக் கீழே பம்ப். இதை நீங்களே செய்யப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிட வேண்டும், லைனில் இருக்கும் அழுத்தம் அப்போதுதான் இறங்கும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும், இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும், தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு தவழும், பத்தடி தள்ளி இருக்கும் ஒரு பொறி போதும். இதில் ஒன்றைக்கூட விட்டுவிட வேண்டாம்.

வெளியே எடுத்ததும் கண்ணில் பட்டது பம்ப்பின் வாயில் மாட்டியிருக்கும் வலைப்பைதான். வெளுப்பாக இருக்க வேண்டிய வலை செம்மண் நிறத்தில் இருந்தது. விரலால் தேய்த்தேன், ரேகைக்குள் புகுந்து ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு நைசான துரு. புதுப் பம்ப்பைப் போட்டபோது பழைய வலைப்பையையே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். வலை அடைத்துக்கொண்டால் பம்ப் இழுத்துப் பார்க்கும், பெட்ரோல் வராது, வாய்ப்பக்கம் அழுத்தம் இறங்கி அங்கேயே பெட்ரோல் ஆவிக் குமிழாக மாறும். அந்தக் குமிழ்கள் உள்ளே போய் உடையும்போது வருவதுதான் அந்தக் கத்தல். பம்ப்பைக் குளிர வைப்பதும் மசகாக இருப்பதும் அதே பெட்ரோல்தான் என்பதால், பட்டினி போட்ட பம்ப் சூடாகிச் சீக்கிரம் தேயும். கால் டேங்கிற்குக் கீழேயே வைத்து ஓட்டுகிறவர்களின் பம்ப் சீக்கிரம் போவதற்கும் இதுவே காரணம்.

வலைப்பைக்கு அடுத்து நான் அதிர்ந்தது அந்தச் சின்ன ரப்பர் குழாயைப் பார்த்து. பம்ப்பையும் மேல் மூடியையும் இணைக்கும் குழாய், என் உள்ளங்கை நீளம்கூட இருக்காது. ஊறி உப்பிப்போய், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு மெத்தென்று இருந்தது. வழக்கமான பெட்ரோல் குழாய் உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும், டேங்கிற்குள்ளே முழுகிக் கிடக்க அது ஆகாது. முழுகிக் கிடப்பதற்கென்றே எஸ்ஏஇ ஜே30 ஆர்10 என்று அச்சடித்த குழாய் கிடைக்கிறது, அதைத்தான் போட வேண்டும். கொஞ்ச நாள் விட்டிருந்தால் குழாய் வெடித்து, பம்ப் டேங்கிற்குள்ளேயே பெட்ரோலைச் சுற்றிச் சுற்றி விட்டிருக்கும், வண்டி நடுரோட்டில் நின்றிருக்கும். டேங்கைக் கழுவினோம், புது வலைப்பை, சரியான குழாய், மூடிக்குப் புது ஓ-ரிங், வெளியே உள்ள ஃபில்டரும் புதிது. பம்ப் அதேதான்.

சத்தம் முக்கால்வாசி போய்விட்டது.

மிச்சம் இருந்த கால்வாசிதான் என்னை நாலு மாதம் அலைய விட்டது. காலையில் எடுக்கும்போது இருக்காது. நாற்பது நிமிடம் ஓட்டிய பிறகு, பாதி டேங்க் இருக்கும்போதுகூட, மெல்ல ஆரம்பித்து ஏறிக்கொண்டே போகும். நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் மறுபடி அமைதி. ஒரு நாள் பங்க்கில் இன்ஜினை அணைத்து டேங்க் மூடியைத் திறந்தபோது 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது. வெயிலில் நின்ற வண்டியில் ஆவி வெளியே சீறுவது சகஜம், இது உள்நோக்கி இழுத்த சத்தம். பெட்ரோல் போட்டு முடித்துக் கிளப்பினேன், கத்தல் இல்லை. பெட்ரோல் நிரம்பியதால் இருக்கலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் சத்தம் வந்தபோது பெட்ரோல் போடாமல், ஓரமாக நிறுத்தி அணைத்து மூடியை மட்டும் திறந்து மூடிப் பார்த்தேன். அதே 'உஸ்ஸ்', கிளப்பினால் அதே அமைதி.

பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். அந்தக் காற்று வரும் வழி, பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி நிரப்பிய கேனிஸ்டர் என்ற டப்பா வழியாகப் போகிறது. என் வண்டியில் அதன் மூச்சுக் குழாயின் முனையைப் பூச்சி கட்டிய மண்கூடு அடைத்திருந்தது. அங்கே அடைத்தாலும் டேங்க் மூடியில் இருக்கும் சின்ன ஸ்பிரிங் வால்வு திறந்து காற்றை விட வேண்டும், அதுவும் இறுகிப்போய்க் கிடந்தது. டேங்கிற்குள் வெற்றிடம் ஏற ஏற, பம்ப்பால் இழுக்க முடியாமல் மறுபடி அதே குமிழ்கள். இன்ஜின் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வரும் பெட்ரோல் டேங்கைச் சூடாக்குவதால் குமிழ் இன்னும் எளிதாக உண்டாகும், அதனால்தான் நாற்பது நிமிடக் கணக்கு. குழாயைச் சுத்தம் செய்து மூடியை மாற்றினேன். மொத்தத்தில் அரை மணி நேர வேலை. இந்த ஒன்றை முதலிலேயே பார்த்திருக்கலாம் என்று இன்றும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

இடையில் மின்சாரத்தையும் அளந்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட், பம்ப்பின் இணைப்பில் 12.1. பம்ப்பின் நெகட்டிவ் வயரில் ஒரு முனையும் பேட்டரி நெகட்டிவில் மறுமுனையும் வைத்தால் 1.1 வோல்ட் காட்டியது, அதாவது இழப்பில் பெரும்பகுதி எர்த் பக்கம்தான். டிக்கி விரிப்புக்கு அடியில் இருந்த எர்த் போல்ட் பச்சை பூத்துக் கிடந்தது, சுரண்டி இறுக்கியதும் பம்ப் இணைப்பில் 13 வோல்ட்டைத் தாண்டியது. உண்மையைச் சொல்ல வேண்டும், இதனால் சத்தம் குறையவில்லை. ஹெட்லைட் போட்டால் பம்ப்பின் ஸ்வரம் இறங்குவது நின்றது, மேடேறும்போது இருந்த இழுவைக் குறையும் போனது. அதற்காகவே செய்யத் தகுந்த வேலை.

பெட்ரோல் லைனின் அழுத்தமும் பார்த்தோம். ஐடிலிங்கில் 2.5 பார், அந்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்கம் குழாயைக் கழற்றினால் 3 பார், என் வண்டிக்கு அது சரி. அந்தக் குழாய்க்குள் பெட்ரோல் வாசனையோ ஈரமோ இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறது என்று அர்த்தம், உடனே மாற்றிவிடுங்கள்.

எல்லாச் சத்தமும் பம்ப்பிலிருந்து வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பானெட்டைத் திறந்தால் சீராகக் கேட்கும் 'டிக் டிக்' இன்ஜெக்டர்கள் திறந்து மூடுவது, அதில் குறை ஒன்றும் இல்லை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து முனையை ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் தொட்டுப் பாருங்கள், நாலும் ஒரே மாதிரி கேட்க வேண்டும், ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு. டிரைவர் காலடியில் எனக்கு ஓர் அதிர்வு தனியாக இருந்தது. அது தரைக்கு அடியில் ஓடும் பெட்ரோல் லைன், ரப்பர் வைத்த கிளிப் ஒன்று விழுந்துபோய் இரும்பு இரும்போடு உரசிக்கொண்டிருந்தது. கிளிப்பைப் போட்டதும் அன்றோடு சரி.

இப்போது பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மூச்சுக் குழாயைப் பார்க்கிறேன், டேங்க் கால் அளவுக்கு வரும் முன்பே நிரப்பிவிடுகிறேன், 20,000-இல் வெளி ஃபில்டரை மாற்றினேன், அடுத்தது 40,000-இல். ரேடியோவை அணைத்துவிட்டுக் காது கொடுத்தால் மட்டும் பின்னால் மெல்லிய முனகல் கேட்கிறது. எட்டு மாதத்தில் "போச்சு" என்று தூக்கிப் போட இருந்த அதே பம்ப்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.