காரைக்குடில ஃபாரின் டீச்சருக்கு வரி பாக்குற ஆடிட்டர் ஆபீஸ் எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் இப்ப எந்தத் தெருவுல கேட்டாலும் ஒரு டீச்சர் துபாய்லயோ மஸ்கட்லயோ மாலத்தீவுலயோ இருப்பாங்க, பி.எட் முடிச்ச கையோட ஏஜென்சி நம்பர் தேடுற காலம் இது. அந்தக் காலத்துல செட்டியார் வீட்டு ஆளுங்க பர்மாவுக்கு கொண்டுவிக்கப் போனா கணக்குப்பிள்ளையும் கூடவே கப்பல் ஏறுவார், நமக்கு அந்த வசதி இல்ல. ஷார்ஜால மேத்ஸ் எடுக்குற எனக்கு கணக்குப்பிள்ளை வேலை பாக்குறது செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு மாடில இருக்குற சின்ன ஆடிட்டர் ஆபீஸ். பேரைப் பொதுவுல போடாதீங்க டீச்சர், ஏற்கனவே ஜூலைல மூச்சு விட முடியலன்னு ஆடிட்டர் சார் கேட்டுக்கிட்டதால போடல, வேணுங்கிறவங்க தனியா கேளுங்க.

மத்த எடத்துல உக்காந்ததும் பான் கார்டும் பாஸ்வேர்டும் கேப்பாங்க, இங்க மொதல்ல பாஸ்போர்ட். அங்க ஒரு அக்கா இருக்காங்க, பாஸ்போர்ட்டை விரிச்சு ஒரு மர ஸ்கேலை குறுக்க வச்சு, நகைக்கடை காலண்டரை பக்கத்துல போட்டு, திருச்சி ஏர்போர்ட் சீல் மங்கலா இருந்தா லென்ஸ் எடுத்து, வந்த தேதி போன தேதி ரெண்டையும் சிவப்பு பேனாவுல வட்டம் போட்டு எண்ணுறாங்க. ஏறின நாளும் எறங்கின நாளும் இந்தியாவுல இருந்த நாளாத்தான் எண்ணுவாங்களாம், சண்டை வராத பக்கமா எண்ணிக்கிறது நல்லதுன்றாங்க. துபாய்ல ஈ-கேட்ல போயிட்டா அந்தப் பக்கம் சீலே இருக்காது, அதனால போர்டிங் பாஸை தூக்கிப் போடாதீங்க.

இந்த எண்ணிக்கைதான் எல்லாத்துக்கும் அடிப்படை. ஏப்ரல்ல இருந்து மார்ச் வரைக்குமான வருஷத்துல 182 நாள் இங்க இருந்துட்டா நீங்க ரெசிடென்ட், வெளிநாட்டு சம்பளமும் இங்க கணக்குக்கு வரும். வேலைக்காக மொத தடவை கிளம்புற வருஷம் இந்த 182 ரொம்ப முக்கியம், செப்டம்பர் 28க்குள்ள ஃப்ளைட் ஏறிட்டா 181 நாள்தான் ஆகும், தப்பிச்சிரலாம். கல்ஃப் ஸ்கூல் ஆகஸ்ட் கடைசில தொறக்கும், அதனால அங்க போறவங்களுக்கு பெரும்பாலும் பிரச்சனை வராது, ஆனா நடுவுல வேகன்சி வந்து ஜனவரில போறாங்க பாருங்க, அவங்க அந்த வருஷம் முழுக்க ரெசிடென்ட்தான், அந்த மூணு மாச துபாய் சம்பளத்தையும் இங்க காட்டணும், அங்க வரியே கட்டாததால கழிச்சுக்கவும் ஒண்ணும் இருக்காது. இதை எந்த ஏஜென்சிக்காரனும் சொல்ல மாட்டான்.

அடுத்து பேங்க் கதை. என் அக்கவுன்ட் இருக்குற ஒரு பேங்க்ல (பேரு வேண்டாம்) ஃபிக்சட் வட்டிக்கு டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கிற வரி) பிடிக்காம இருக்க 15ஜி எழுதிக் குடுங்கன்னு ஃபார்மை நீட்டினாங்க. அது ரெசிடென்ட்டுக்கு மட்டும் உள்ள ஃபார்ம், நம்ம கையெழுத்துப் போட்டா பொய் டிக்ளரேஷன். நம்மளோட பழைய சேவிங்ஸை என்ஆர்ஓவா (வெளிநாட்டுல இருக்குறவங்க இந்திய வருமானத்தைப் போடுற கணக்கு) மாத்தணும், அதுல வர்ற வட்டிக்கு 31.2 சதவீதம் பிடிப்பாங்க, என்ஆர்இ (வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்பி வைக்கிற கணக்கு) வட்டிக்கு வரி கிடையாது. 31.2ன்னதும் எனக்கு பக்குன்னு ஆயிருச்சு. அமீரகத்துல இருந்து டாக்ஸ் ரெசிடென்சி சர்டிஃபிகேட் வாங்கிட்டு வந்தா ரெண்டு நாட்டு வரி ஒப்பந்தப்படி 12.5தான் பிடிப்பாங்கன்னு ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் சொன்னாங்க, அதையே கேட்டேன். சார் என் வட்டியைப் பாத்துட்டு சிரிச்சார், "உங்க மொத்த இந்திய வருமானமே புது ரெஜிம்ல வரி இல்லாத 4 லட்சத்தைத் தாண்டல டீச்சர், சர்டிஃபிகேட்டுக்கு எதுக்கு காசு, ரிட்டர்ன் போட்டா பிடிச்சது முழுசா ரீஃபண்ட்"னு முடிச்சுட்டார். காசு பாக்குற ஆளா இருந்தா அந்த சர்டிஃபிகேட் வேலையையும் சேத்து பில் போட்டிருக்கலாம்ல.

அந்த 4 லட்சத்துலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. 12 லட்சம் வரைக்கும் வரி இல்லன்னு வாட்ஸப்புல சுத்துதே, அது ரிபேட்டால (போட்ட வரியைத் தள்ளுபடி பண்றது) வர்றது, ரிபேட் ரெசிடென்ட்டுக்கு மட்டும்தான். நமக்கு 4 லட்சத்துக்கு மேல ஸ்லாப்படி வரி உண்டு, வாடகை வர்ற வீடு வச்சிருக்கவங்க கவனிங்க. ரிட்டர்னும் ஐடிஆர்-2, சின்ன ஐடிஆர்-1 நமக்கு ஆகாது.

இவங்க கெட்டிக்காரத்தனம் தெரியுறது வீடு விக்கிற விஷயத்துல. என்கூட வேலை பாக்குற கண்டனூர் சாரை நான்தான் அனுப்பி வச்சேன். பங்காளிங்க எல்லாம் சேந்து பெரிய வீட்டை வித்தாங்க. உள்ளூர்ல இருக்குற சித்தப்பாவுக்கு லாபத்துல 12.5 சதவீதம், இல்லன்னா இண்டெக்சேஷன் (விலைவாசிக்கு ஏத்த மாதிரி வாங்குன விலையைக் கூட்டிக்கிறது) போட்டு 20ன்னு ரெண்டுல எது கம்மியோ அது, இவருக்கு அந்த சாய்ஸே இல்ல, 12.5 மட்டும், 2024 ஜூலை 23ல இருந்து வந்த மாத்தம். ஒரே வீடு, ஒரே பத்திரம், ரெண்டு கணக்கு! பழைய வீடுன்னா 2001 ஏப்ரல் 1 மதிப்பை வாங்குன விலையா வச்சுக்கலாம். பர்மா தேக்குத் தூணு, ஆத்தங்குடி கல்லு, முட்டைப் பூச்சுன்னு சித்தப்பா அடுக்கினாராம், ஆனா அந்த தேதில இருந்த கைட்லைன் வேல்யூவுக்கு மேல காட்ட முடியாதுன்னு ஆடிட்டர் சார் சொல்லிட்டார். வாங்குறவர் டிடிஎஸ்ஸை மொத்த விலைக்கும் பிடிச்சிராம இருக்க, குறைச்சுப் பிடிக்கிற சர்டிஃபிகேட்டுக்கு முன்னாடியே அப்ளை பண்ண வச்சாங்க. அந்த வருஷம் இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுறதால 120 நாள் ரூலும் (182 நாள் வரம்பு 120 ஆகுறது), எந்த நாட்டுலயும் வரி கட்டாத இந்தியனை ரெசிடென்ட்டா எடுத்துக்கிற ரூலும் வரும்னு சொல்லி அவரைக் கலங்கடிச்சுட்டு, அப்புறம் பயப்படாதீங்க அப்படி வந்தாலும் ஸ்டேட்டஸ்தான் மாறும், ஷார்ஜா சம்பளத்துக்கு இங்க வரி வராதுன்னாங்களாம். இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம், அவர் ஒரு வாரம் தூங்கல.

ஊரோட திரும்பி வர்றவங்களுக்கும் நல்லா சொல்றாங்க. வருஷா வருஷம் லீவுக்கு மட்டும் வந்து போனவங்க, முந்தின 7 வருஷத்துல 729 நாளுக்குள்ள இருந்திருந்தா, வந்ததும் ஒரேயடியா முழு ரெசிடென்ட் ஆயிர மாட்டாங்க, பெரும்பாலும் ரெண்டு வருஷம் வரைக்கும் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்க வரி இருக்காது. ஆனா என்ஆர்இ வட்டிக்கு அந்த சலுகை கிடையாது, நிரந்தரமா வந்துட்டா பேங்க்ல சொல்லி மாத்தணும், வட்டி வரிக்குள்ள வந்துரும். இந்த வித்தியாசம் தெரியாம எத்தனை பேரு சும்மா இருக்காங்க.

குறைன்னா நெறைய இருக்கு. ஃபோன் எடுக்கவே மாட்டாங்க. வாட்ஸப்புல நீல டிக் விழும், பதில் மூணு நாள் கழிச்சு "ஓகே"ன்னு வரும். என்ன ஓகே? ஃபீஸ் வாயால சொல்றதுதான், என்ஆர்ஓல இருந்து பணம் வெளிய அனுப்ப 15சிபி (ஆடிட்டர் குடுக்குற சர்டிஃபிகேட்) போட்டப்ப அதுக்குத் தனின்னு கடைசில சொன்னாங்க, ரசீதும் கேட்டாத்தான் வரும். ஏசி சார் ரூம்ல மட்டும், வெளிய பெஞ்சுல மே மாசம் உக்காந்தா வேகுது. கல்ஃபும் மாலத்தீவும் தலைகீழா தெரியும், அமெரிக்கான்னா தடுமாறுவாங்க. ஜே-1 விசால (அமெரிக்க எக்ஸ்சேஞ்ச் விசா) போற டீச்சர்களுக்கு இந்தியா-அமெரிக்கா ஒப்பந்தத்துல ரெண்டு வருஷம் வரைக்கும் அங்க சம்பளத்துக்கு வரிவிலக்கு இருக்கு, அதுக்கு ஸ்கூல்ல 8233 ஃபார்ம் குடுக்கணும், அந்தப் பக்க வேலையெல்லாம் எங்ககிட்ட வேண்டாம்னு சார் நேராவே சொல்லிடுறார். சொல்றாரேன்னு சந்தோஷப்பட வேண்டியதுதான். இன்ஷூரன்ஸ் பாலிசி எதையும் தலைல கட்டல, அது இந்த ஊர்ல பெரிய விஷயம்.

5க்கு 4 குடுக்கலாம். நம்ம லீவும் ஜூலை 31 கெடுவும் ஒண்ணா வர்றதால ஊருக்கு வந்த மொத வாரமே போயிருங்க, ரெண்டாவது வாரத்துக்கு மேல படிக்கட்டு வரைக்கும் ஆளு நிப்பாங்க. பழைய பாஸ்போர்ட்டையும் எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா அக்கா திருப்பி அனுப்பிருவாங்க. வண்டியைக் கீழ மெடிக்கல் வாசல்ல நிறுத்தாதீங்க, அவர் திட்டுறது மாடி வரைக்கும் கேக்கும்.