வாங்குவதற்கு முன் சர்வீஸ் சென்டரில் ஒரு மணி நேரம்

ஸ்டுட்கார்ட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே அக்கா மகன் போனில் சொல்லிவிட்டான்: "சித்தி, லேப்டாப்பை அங்கேருந்து வாங்கிட்டு வராதீங்க, இங்கயே பார்த்துக்கலாம்." 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்க வரி கட்டாமல் கொண்டுவரலாம்தான். ஆனால் ஜெர்மன் கீபோர்டில் ஒய் இருக்க வேண்டிய இடத்தில் இசட் இருக்கும். அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி செல்லுமா என்பதும் மாடலுக்கு மாடல் வேறுபடும். பையன் சொன்னது சரி.

இந்த வருஷம் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறான். அக்காவிடம் படிப்புக்கு என்றும் என்னிடம் கேமுக்கு என்றும் சொல்லி, 90,000 ரூபாய்க்கு அனுமதி வாங்கிவிட்டான். தஞ்சாவூர் வீட்டுத் திண்ணையில் இரண்டு நாள் உட்கார்ந்து, வாங்கியவர்கள் எழுதிய புகார்களை மட்டும் படித்தோம். "பொருளை வாங்குறதுக்கு முன்னாடியே குறையைத் தேடுறீங்களேடி" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

பெட்டியைப் பிரித்த அன்றே போட்ட ஐந்து நட்சத்திரங்களை முதலில் தள்ளினோம். அட்டைப்பெட்டி நசுங்கியிருந்தது, கூரியர்காரர் மாடி ஏறி வரவில்லை என்கிற ஒற்றை நட்சத்திரங்களும் போயின. அடுத்தது, 'அதே கிராபிக்ஸ் கார்டு, நண்பனுடையதில் வேகமாக ஓடுகிறது, என்னை ஏமாற்றிவிட்டார்கள்' என்ற ரகம். கேமின் காட்சிகளை ஓட்டும் சிப்தான் அந்தக் கார்டு. ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயரில், லேப்டாப்புக்குள் அந்தச் சிப்புக்கு 35 வாட்டும் கொடுக்கலாம், 115 வாட்டும் கொடுக்கலாம். எவ்வளவு என்பது கம்பெனி வைப்பது; வாட் குறைந்தால் வேகமும் குறையும். விளம்பரத்தில் பல நேரம் அந்த எண் இருக்காது. இவர்களைப் புலம்பல் கோஷ்டி என்று ஒதுக்காமல், ஒவ்வொரு மாடலுக்கும் வாட் எவ்வளவு என்று குறித்துக்கொண்டோம். ரேம் இரண்டாக இல்லாமல் ஒற்றைத் துண்டாக வருகிறது, அதனால் வேகம் குறைகிறது என்ற குறையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலி ஸ்லாட் இருந்தால் பிறகு இன்னொன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

'சூடாகிறது' என்று எல்லா மாடலுக்கும் எழுதியிருந்தார்கள். உள்ளே இருக்கும் ஃபேன் அறைக் காற்றைத்தான் இழுக்கும். ஏசி அறையில் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு மே மாதத் தஞ்சாவூருக்கு வாங்கினால் அப்படித்தான். யோசிக்க வைத்தது, திரையைத் திறந்து மூடும் கீல் பற்றிய புகார்தான். பையனுக்கு மிகவும் பிடித்த, கலர் கலராக விளக்கு எரியும் மாடல் அது. எட்டு ஒன்பது பேர், வெவ்வேறு ஊர், வெவ்வேறு மாதம். ஆனால் எல்லோருக்கும் ஒரு வருஷம் தாண்டியதும் அதே இடது பக்கக் கீல். ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே இடத்தைக் காட்டினால் நம்பித்தான் ஆக வேண்டும். பையன் அரை நாள் பேசவில்லை.

மிச்சம் இரண்டு மாடல். இரண்டுக்கும் சர்வீஸ் மோசம் என்று எழுதியிருந்தார்கள், ஆனால் எழுதியவர்கள் புனே, குருகிராம் ஆட்கள். நமக்கு ஒன்று கெட்டால் திருச்சிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எனவே பஸ் ஏறி, இரண்டு கம்பெனிகளின் சர்வீஸ் சென்டருக்கும் போய், வேலையே இல்லாமல் உட்கார்ந்தோம்.

முதல் இடத்தில் டோக்கன் கொடுக்கும் பெண் எங்களைச் சந்தேகமாகவே பார்த்தாள். காத்திருந்த ஒருவர் மடியில் கீல் பிளந்த லேப்டாப். மூடியின் உள்பக்கம் ஸ்க்ரூ பிடிக்கும் பிளாஸ்டிக் உடைந்திருந்தது. 'நீங்க கீழே போட்டிருக்கீங்க, இது வாரண்டியில வராது' என்று சொல்லிவிட்டார்களாம். "போடலைங்கிறதை நான் எப்படிம்மா நிரூபிக்கிறது?" என்று என்னைக் கேட்டார். 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிந்த பிறகுதான் கம்பெனியிலிருந்து திரும்ப அழைத்தார்களாம். இரண்டாவது இடத்தில் கூட்டம் குறைவு. பேட்டரி உப்பி டச்பேட் மேலே தூக்கிக்கொண்ட லேப்டாப்போடு ஒரு கல்லூரிப் பெண் இருந்தாள். பார்ட் வர பத்து நாள் ஆகும் என்றார்கள், ஒன்பதாம் நாள் கூப்பிட்டுவிட்டார்கள் என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு நாங்கள் படித்த நூறு புகாரைக் கொடுக்கலாம்.

அந்தக் கம்பெனியின் லேப்டாப்பையே திருச்சியில் ஒரு கடையில் வாங்கினோம். ஆன்லைன் விலையைவிட 1,500 ரூபாய் கூட. என் ஜெர்மன் கார்டு ஓடிபி வராமல் கழுத்தறுக்க, கடைசியில் அக்காவின் ஜிபேதான் காப்பாற்றியது. பில் போடுவதற்கு முன் சீரியல் எண்ணைக் கம்பெனித் தளத்தில் போட்டுப் பார்த்தேன். வாரண்டி நான்கு மாதம் முன்பே ஓட ஆரம்பித்திருந்தது. "அது ஸ்டாக் வந்த தேதி மேடம், பில்லை அனுப்பினா மாத்திடுவாங்க" என்றார் கடைக்காரர். கடையிலேயே உட்கார்ந்து அனுப்ப வைத்தோம். மூன்றாம் நாள் தேதி சரியானது.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால், செங்கல் மாதிரி ஒரு சார்ஜர், அதன் முனையில் தடித்த 16 ஆம்பியர் பிளக். வீட்டில் அது நுழைகிற சாக்கெட் ஒன்றே ஒன்று, சமையலறையில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில். எலக்ட்ரீஷியன் வர இரண்டு நாள் ஆனது. அதுவரை பையன் அரிசி டிரம்மின் மேல் லேப்டாப்பை வைத்து விளையாடினான். அக்கா குழம்பு தாளிக்கும்போது மட்டும் வெளியே துரத்தினாள்.

திண்ணையில் படித்த புகார்களில் ஒருவர், 'பிளக் ரொம்பப் பெரிது' என்று எழுதி இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்தார். இதெல்லாம் ஒரு குறையா என்று நானும் பையனும் சேர்ந்துதான் சிரித்தோம்.