வெள்ளவத்தை மூன்றாம் மாடியில் ஆறு வருட வண்ணாத்தி மீன்

கடல் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். காலி வீதியைக் கடந்து ஒழுங்கையால் இறங்கி, ரயில் பாதையைத் தாண்டினால் அலை. ஆனால் அந்தக் கடலின் ஒரு வாளித் தண்ணீர்கூட நான் வண்ணாத்தி மீன் (butterflyfish) வளர்க்கிற தொட்டிக்கு உதவாது. வெள்ளவத்தைக் கால்வாயும் தெகிவளைக் கால்வாயும் நகரத்து அழுக்கைக் கொண்டுவந்து அங்கேதான் கொட்டுகின்றன. கடற்கரையில் குடியிருந்துகொண்டு உப்பைக் காசு கொடுத்து வாங்குகிற ஆள் என்று, வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் மனிசி சொல்லிச் சிரிப்பாள்.

தொட்டி வைத்தது 2019இல். 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் 560 லீற்றர் சொச்சம். கல், மணல், கண்ணாடி, இரும்புத் தாங்கி எல்லாம் சேர்ந்தால் முக்கால் தொன் வரும். மூன்றாம் மாடி என்பதால், கட்டடம் தெரிந்த இஞ்சினியர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டி, பீம் போகிற சுவரோரமாக வைத்தேன். இதைச் செய்யாமல் யாரும் மாடி வீட்டில் பெரிய தொட்டி வைக்காதீர்கள். ஆறு வாரம் மீன் இல்லாமல் ஓடவிட்டு, மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்துக்கு வந்தபிறகுதான் முதல் மீன்.

அந்த முதல் மீனில்தான் பிழை விட்டேன். மஞ்சள் உடம்பில் ஊதாவாய் மெல்லிய கோடுகள், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. கடையில் 'மெலன் பட்டர்ஃப்ளை' என்றார்கள். விலையும் குறைவு. சாப்பிடுமா என்று கேட்டதற்கு, இரண்டு நாளில் பழகிவிடும் என்று சிங்களத்தில் உறுதி தந்தார் கடைக்காரர். உறைய வைத்த பொடி இறால் வகைகளான ஆர்ட்டீமியா போட்டேன், மைசிஸ் போட்டேன், இறாலை அரிந்து போட்டேன். மூக்கின் முன்னால் மிதந்து போகிறதைப் பார்க்கும், திரும்பிக்கொள்ளும். நாள் முழுக்க வெறுங்கல்லைக் கொத்திக்கொண்டே இருந்தது. கண்ணுக்குப் பின்னால் நெற்றி குழி விழுந்து, வயிறு ஒட்டி, 19ஆம் நாள் செத்தது. தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. பிறகுதான் தேடிப் படித்தேன். கீட்டொடொன் டிரைஃபாசியாட்டஸ் என்கிற அந்த இனம் உயிருள்ள பவளத்தின் பொலிப்புகளை, அதாவது பவளத்தைக் கட்டுகிற சின்ன உயிர்களைத் தின்றே வாழ்கிறது. இலங்கைக் கடலில் பவளத்தை உடைத்தெடுப்பது சட்டப்படி குற்றம். எடுக்க முடிந்தாலும், ஒரு மீனுக்குத் தீனியாகப் பவளத்தை யார் வாங்கிக் கட்டுவது?

அன்றிலிருந்து நிறம் பார்த்து வாங்குவதை விட்டேன். இந்த வண்ணாத்தி மீன் குடும்பத்தில் ஏறக்குறைய 130 இனங்கள் உண்டு. வீட்டுத் தொட்டிக்குத் தோதானவை அதில் சொற்பம். அடுத்ததாக நான் எடுத்தது ஆரிகா என்கிற இனம். வெள்ளை உடம்பு, பின்பக்கம் மஞ்சள், இரண்டு பக்கமிருந்தும் வந்து சந்திக்கிற சாய்ந்த கோடுகள், கண்ணை மறைக்கிற கறுப்புப் பட்டை, முதுகுச் செட்டையில் பொய்க்கண் மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. கடையிலேயே எனக்கு முன்னால் தீனி போடச் சொன்னேன். சாப்பிட்டது. உடனே தூக்கிவரவில்லை. முற்பணம் கட்டி, ஒரு கிழமை அங்கேயே விட்டு, இடையில் இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். கடலில் பிடிபட்ட மீனுக்கு முதல் சில நாட்கள்தான் கண்டம். அது என் வீட்டில் கழிவதைவிடக் கடையில் கழியட்டும் என்கிற சுயநலம்தான். கடைக்காரருக்கு என்னைப் பிடிக்காமல் போனது அந்தக் கிழமையில்தான் என்று நினைக்கிறேன்.

தீனியில் எனக்கு மிகவும் கைகொடுத்தது சந்தை மட்டி. சனிக்கிழமை காலையில் வாங்கி, கழுவி, இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்து, பிறகு ஒவ்வொன்றாய்ப் பிளந்து ஓட்டோடு மணலில் வைப்பேன். மிதக்கிற தீனியை மதிக்காத மீன்கூட, ஓட்டுக்குள் ஒட்டியிருக்கிற சதையைக் கண்டால் கொத்தும். கல்லிடுக்கில் நோண்டித் தின்பதற்கென்றே அமைந்த வாய் அது. மூன்றாம் மாதம் மட்டிச் சதைக்கு மேல் பெலெட் என்கிற உலர்தீனி உருண்டையைத் தூளாக்கித் தூவத் தொடங்கினேன். நான்காம் மாதம் வெறும் பெலெட்டையே எடுத்தது. ஒரே நேரத்தில் அள்ளிக் கொட்டுவதில் பயனில்லை. சின்னச் சின்னதாய் நாளுக்கு மூன்று தரம். வேலைக்குப் போகிறவர்களுக்கு நடுப்பகல் தீனிதான் சிக்கல். எங்கள் வீட்டில் அம்மா அதை ஏற்றுக்கொண்டார். "இவனுக்குப் பசிக்குது" என்று நாலாவது தரமும் போடுவார். தண்ணீரில் நைத்திரேற்று என்கிற கழிவு ஏறியதற்கு அவர்தான் காரணம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு ரக்கூன் என்கிற இன்னொரு வண்ணாத்தி வந்தது. கண்ணைச் சுற்றிக் கறுப்பாய், களவெடுக்கப் போகிறவன் மாதிரி முகம். கல்லில் களைபோலப் பெருகியிருந்த ஐப்டேசியா என்கிற சின்ன அனிமனிகளை அது தின்னும் என்று வாங்கினேன். தின்றது. ஒரு மாதத்தில் கல் சுத்தம். கூடவே நான் ஆசையாய் வைத்திருந்த குழாய்ப் புழுக்களையும் முடித்துவிட்டது. இரவில் விளக்கணைத்தபிறகும் அலைகிற மீன் இது. வண்ணாத்தியையும் பவளத்தையும் ஒரே தொட்டியில் வைக்க நினைக்கிறவர்கள் இரண்டில் ஒன்றை மறந்துவிடலாம்.

தனித்தொட்டியில் வைத்துப் பார்க்காமல் நேரே இறக்கிய ஒரு மீனால் 2020இல் வெண்புள்ளி நோய் வந்தது. உப்பைத் தூவினமாதிரி உடம்பெல்லாம். செம்பு மருந்து போடலாம்தான், ஆனால் வண்ணாத்திக்கு அதன் அளவு கொஞ்சம் கூடினாலும் தாங்காது. பெரிய தொட்டியில் ஊற்றினால் கல்லும் உறிஞ்சும், நத்தையும் நண்டும் சாகும். அதனால் எல்லா மீனையும் வேறு தொட்டிக்கு மாற்றி, உப்பைக் குறைத்துத் தண்ணீரின் ஒப்படர்த்தியை இரண்டு நாளில் 1.009க்கு இறக்கி, ஆறு வாரம் அப்படியே வைத்தேன். பெரிய தொட்டி 76 நாள் மீனில்லாமல் கிடந்தது. தங்க இடமில்லாமல் நோய்க்கிருமி தானாய் அழிந்தது. அந்த இரண்டரை மாதமும் கூடத்தில் காலித் தொட்டிக்கு விளக்குப் போட்டு வைத்திருந்ததைப் பார்த்த சொந்தக்காரர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்களோ. பின்னொரு நாள் ஆரிகாவின் செட்டையில் பூக்கோவா மாதிரி வெள்ளைக் கட்டி வந்தபோது மறுபடி மருந்துப் பெட்டியைத் திறந்தேன். அது லிம்ஃபோசிஸ்டிஸ் என்கிற வைரசு. ஒன்றும் செய்யாமல் நல்ல சாப்பாடு போட்டால் போதும். போய்விட்டது.

தண்ணீர்க் கதையைச் சொல்ல வேண்டும். முதல் ஒன்றரை வருடம் நகரத்துக்கு வெளியே தெளிந்த கரையிலிருந்து கான்களில் கடல்நீர் கொண்டுவருவேன். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, பிளாஸ்டிக் மணிகள் மேற்குக்கரை முழுக்க ஒதுங்கின. கப்பலில் இரசாயனங்களும் இருந்ததால் அன்றோடு கடல்நீரை நிறுத்தினேன். பிறகு ஆர்ஓ முறையில் வடிகட்டிய சுத்தத் தண்ணீரில் செயற்கை உப்பு, லீற்றருக்கு 35 கிராம் வரை. அடுத்த வருடமே ரூபாய் சரிந்து, இறக்குமதி உப்பின் விலையைக் கேட்கவே பயமாகிவிட்டது. வாராவாரம் மாற்றிய தண்ணீரை மாதம் இரண்டு தரமாய்க் குறைத்து, நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கிற ஸ்கிம்மரை நம்பினேன்.

சூடுதான் கொழும்பில் தீராத வழக்கு. வண்ணாத்திக்கு 25, 26 பாகை நல்லது. எங்கள் கூடமோ பகலில் 30ஐத் தாண்டும். தண்ணீருக்கு மேல் மின்விசிறி பூட்டிப் பார்த்தேன். இரண்டு பாகை இறங்கியது, நாளுக்கு ஐந்தாறு லீற்றர் ஆவியாகியது. உப்பு ஆவியாகாதே, அதனால் ஈடுசெய்ய நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். மாரி காலத்துப் புழுக்கத்தில் அந்த இரண்டு பாகையும் கிடைக்காது. கடைசியில் தண்ணீரைக் குளிராக்குகிற சில்லர் வாங்கினேன். தொட்டியைவிட அது விலை. மின்கட்டணத்தைப் பற்றி இங்கே எழுதினால் மனிசி வாசித்துவிடுவாள்.

2022ஐ நினைத்தால் இப்போதும் கை உளையும். மார்ச் கடைசியில் ஒரு நாள் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. சில்லர், பம்ப், ஸ்கிம்மர் எல்லாம் செத்தன. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் எந்தக் கடையிலும் இல்லை. நானும் மகனும் முறைவைத்து, சருவத்தால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். ஒட்சிசன் கலக்க வேறு வழி தெரியவில்லை. தண்ணீர் 31 பாகை. ரக்கூன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. தப்பியது. அந்த மாதமே கடன்பட்டு ஒரு இன்வேர்ட்டர் பூட்டினேன். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று பாய்ந்து நாடே இருண்டபோது, எங்கள் கட்டடத்தில் ஓடிக்கொண்டிருந்தது என் பம்ப் ஒன்றுதான். பக்கத்து வீட்டு அன்ரி ஃபோன் சார்ஜ் பண்ண வந்து மீனைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆரிகாவுக்கு இப்போது ஆறு வயசாகப் போகிறது, என் கணக்கில். ஒரு சாண் நீளம். முதுகுச் செட்டையின் பின்முனையில் நூல்போல ஓர் இழை வளர்ந்து தொங்குகிறது. மட்டித் தட்டு கண்ணாடியில் தட்டுகிற சத்தத்துக்கு ஓடிவரும்.

போன ஓகஸ்டில் நிலாவெளிக்குப் போனோம். படகில் புறாத்தீவுக்குப் போய், முகமூடியைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் தலையை விட்டேன். மான்கொம்புப் பவளத்துக்கு மேல் இரண்டு மெலன்கள், சோடியாக. ஒன்று கொத்த மற்றது நகர, பிறகு அது கொத்த இது நகர, நிற்கவே இல்லை. ஒரு நிமிடத்தில் எத்தனை கொத்து என்று எண்ணத் தொடங்கினேன். இருபதைத் தாண்டும்போது முகமூடிக்குள் தண்ணீர் வந்துவிட்டது.